காஸ்மோஸ், கேலக்ஸி, காமெட்: வானத்துப் பேருக்கெல்லாம் கிரேக்கத்துல என்ன அர்த்தம்? (அடிக்கடி கேக்கற கேள்விகள்)

டெலஸ்கோப்பை வெச்சு நாலு பேருக்கு சனியோட வளையத்தைக் காட்டப் போனா, வளையத்தை விட வார்த்தையைப் பத்தித்தான் கேள்வி ஜாஸ்தி வருது. "இதுக்கு ஏன் இந்தப் பேரு?" ஒவ்வொரு தடவையும் மொதல்ல இருந்து சொல்லி அலுத்துப் போச்சு, அதான் கேட்டவங்க கேட்ட மாதிரியே கேள்வியை வெச்சு பதிலை எல்லாம் ஒரே இடத்துல எழுதிட்டேன். கிரேக்க வார்த்தைகளை நம்ம எழுத்துல காதுல விழற மாதிரி எழுதியிருக்கேன், உச்சரிப்பு கொஞ்சம் முன்ன பின்ன இருக்கும், கண்டுக்காதீங்க.

அண்ணா, ஏன் எல்லாமே கிரேக்கப் பேரா இருக்கு? வேற யாரும் வானத்தையே பாக்கலையா?

நல்லாவே பாத்தாங்க. பாபிலோன்காரங்க கிரேக்கர்களுக்கு ரொம்ப முன்னாடியே கிரகணத்தை எல்லாம் களிமண் பலகைல குறிச்சு வெச்சிருக்காங்க. ஆனா இன்னிக்கு நாம புழங்கற அறிவியல் வார்த்தைகள் ஐரோப்பா வழியா வந்தது, அவங்களுக்குப் பாடப்புத்தகம் கிரேக்கம். கி.பி. 2-ம் நூற்றாண்டுல அலெக்சாண்ட்ரியாவுல டாலமி கிரேக்கத்துல எழுதின வானியல் நூல் அரபிக்குப் போயி, அங்க இருந்து 12-ம் நூற்றாண்டுல லத்தீனுக்குப் போச்சு. அதை இப்போ அல்மகெஸ்ட்னு சொல்றோம். 'அல்' அரபி, 'மெகிஸ்தே' கிரேக்கம், "ரொம்பப் பெருசு"ன்னு அர்த்தம். நூல் எந்த வழியா வந்துச்சுன்னு பேர்லயே ஒட்டிகிட்டு இருக்கு பாருங்க.

இன்னொரு விஷயத்தை இங்கயே சொல்லிடறேன், பின்னாடி தேவைப்படும். இந்தப் பேர்கள்ல ரெண்டு ஜாதி. பிளானட், காமெட், எக்லிப்ஸ் மாதிரி சிலது கிரேக்கர்கள் நெசமாவே வாயில சொன்ன வார்த்தை. டெலஸ்கோப், போட்டான் (ஒளித் துகள்), ஹீலியம் மாதிரி சிலது பல நூற்றாண்டு கழிச்சு யாரோ கிரேக்கத் துண்டுகளை எடுத்து ஒட்டவெச்சது, அதை பிளேட்டோகிட்ட சொன்னா முழிப்பாரு. 'தேலே'ன்னா தூரம், 'ஸ்கோபெய்ன்'னா உத்துப் பாக்கறது, ஆனா டெலஸ்கோப்ங்கற பேரு வந்தது 1611-ல ரோம்ல கலிலியோவுக்குக் குடுத்த ஒரு விருந்துலதான்.

காஸ்மோஸ்னா பிரபஞ்சம், சரி. காஸ்மெடிக்ஸ் எப்படி அதே வார்த்தைன்னு சொல்றீங்க? விளையாடறீங்களா?

நெசமாத்தான். 'கோஸ்மோஸ்'னா ஒழுங்கு, சீரா அடுக்கி வெச்சது, அதனாலயே அலங்காரம்னும் அர்த்தம். ஹோமரோட இலியட்ல ஹேரா தேவி ஜீயஸை மயக்கறதுக்காக குளிச்சு, தலை பின்னி, தோடு மாட்டி ரெடியாவா, அந்த அலங்காரத்துக்கே 'கோஸ்மோஸ்'னுதான் வார்த்தை. முழு உலகத்துக்கும் அதே பேரை மொதல்ல வெச்சது பித்தாகரஸ்னு பழைய கிரேக்க எழுத்தாளர்கள் சொல்லுவாங்க. இந்த உலகம் கண்டபடி கொட்டிக் கெடக்கலை, யாரோ ஒழுங்கு பண்ணி வெச்ச மாதிரி இருக்குங்கற எண்ணம் அந்தப் பேருக்குள்ள இருக்கு.

நம்ம வார்த்தைகளும் சளைச்சது இல்லை. பிரபஞ்சம்னா விரிஞ்சது, அண்டம்னா முட்டை. லத்தீன்ல இருந்து வந்த யூனிவர்ஸ்னா ஒண்ணாத் திரண்டது. ஒரே பொருளை நாலு பேரு நாலு பக்கம் நின்னு பாத்திருக்காங்க.

அப்போ கேயாஸ்னா காஸ்மோஸுக்கு எதிர்ப்பதம், குழப்பம், சரியா?

இன்னிக்கு அப்படித்தான், மொதல்ல அப்படி இல்லை. ஹீசியட்ங்கற பழைய கிரேக்கக் கவிஞர் எழுதினதுல 'காவோஸ்'னா வாயைப் பிளந்த மாதிரி ஒரு பெரிய வெற்று இடம், பள்ளம். கொட்டாவி விடறதுக்கான கிரேக்க வார்த்தையும் அந்த வேர்தான். குழப்பம்ங்கற அர்த்தம் பின்னாடி ஏறினது. இதுல இருந்து 17-ம் நூற்றாண்டுல வான் ஹெல்மோன்ட்னு ஒருத்தர் இன்னொரு வார்த்தையைப் புடுங்கினாரு: கேஸ். ஆமா, நாம தினமும் சொல்ற கேஸ் தான்.

மில்கி வே, பால்வெளி, கேலக்ஸி. மூணும் ஒண்ணா?

வார்த்தைப்படி மூணும் பால்தான். கிரேக்கத்துல 'காலா'ன்னா பால், 'கலாக்சியாஸ்'னா பால் மாதிரியான வட்டம். ஹேரா தேவி குழந்தை ஹெராக்கிளிஸைத் தள்ளிவிட்டப்போ சிந்தின பால்தான் அதுன்னு கதை. பாலை ஜீரணிக்கறப்போ வர்ற சர்க்கரைல ஒண்ணுக்கு கேலக்டோஸ்னு பேரு, அதுவும் இதே 'காலா'தான்.

பொருள்படி இப்போ ஒண்ணு இல்லை. முன்னாடி கேலக்ஸின்னாலே தலைக்கு மேல தெரியற அந்த வெள்ளைப் பட்டை மட்டும்தான். 1920-கள்ல எட்வின் ஹப்பிள், ஆண்ட்ரோமெடாங்கற மங்கலான வெளிச்சத் திட்டு நம்ம நட்சத்திரக் கூட்டத்துக்கு வெளிய, ரொம்ப தூரத்துல இருக்குன்னு காட்டினதுக்கு அப்புறம், நம்மளோடது மாதிரியே ஏகப்பட்டது இருக்குன்னு புரிஞ்சது, ஒருத்தரோட பேரு ஒரு இனத்துக்கே பேரா மாறிடுச்சு. அதனால பால்வெளின்னா நம்மளோடது மட்டும், கேலக்ஸின்னா எதுவா வேணா இருக்கலாம்.

பிளானட்னா "அலையறவன்"னு படிச்சேன். அது சுத்துது, அலையலையே?

வெறுங்கண்ணால வருஷம் முழுக்க பாத்தா அலையுது. நட்சத்திரம் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு இடம் மாறாம ஒரே கூட்டமா நகரும், இதுங்க மட்டும் அதுக்கு நடுவுல ஊர் சுத்தும், செவ்வாய் சில மாசம் வந்த வழியே திரும்பியும் போகும். அதனால 'அஸ்தெரெஸ் பிளானேத்தாய்', அலையற நட்சத்திரங்கள்னாங்க. அந்தக் கணக்குல சூரியனும் சந்திரனும் கூட பிளானட்தான், மொத்தம் ஏழு. பூமி அந்த லிஸ்ட்லயே கெடையாது, ஏன்னா நாம நின்னு பாக்கற இடம் அலையுதுன்னு யாருக்குத் தோணும்? பழந்தமிழ்லயும் நாள்மீன், கோள்மீன்னு ரெண்டையும் பிரிச்சு வெச்சிருக்காங்க.

என்னைக் கேட்டா இந்த விஷயத்துக்கே சாவி இதுதான்: பேரு வெச்சவன் அன்னிக்கு எதைப் பாத்தான், என்ன நெனச்சான்ங்கறதுதான் பேர்ல இருக்கும். அந்தப் பொருள் நெசமா என்னங்கறது பேர்ல இருக்கணும்னு ஒண்ணும் கட்டாயம் இல்லை. கீழ இதை நாலஞ்சு தடவை சொல்லுவேன், பொறுத்துக்கோங்க.

காமெட்டுக்கு நாம வால்னு சொல்றோம், அவங்க முடின்னு சொல்றாங்களாமே? அப்புறம் ஐசியூல சொல்ற கோமாவும் இதுவும் ஒண்ணா?

'கோமே'ன்னா தலைமுடி, 'கோமேத்தேஸ்'னா நீளமா முடி வெச்சிருக்கவன். நமக்கு வாலா தெரிஞ்சது அவங்களுக்கு காத்துல பறக்கற கூந்தலா தெரிஞ்சிருக்கு. பொருத்தம் பாத்தா கூந்தலுக்கே கொஞ்சம் ஜாஸ்தி மார்க் போடலாம், வால்னா போற திசைக்கு எதிர்ப்பக்கம் இழுபடணும், ஆனா காமெட்டோட வால் எப்பவும் சூரியனுக்கு எதிர்ப்பக்கமா நீட்டிகிட்டு இருக்கும், சூரியனை விட்டு விலகிப் போறப்போ வால் முன்னாடி போகும். அடிக்கற காத்துல பறக்கற முடி மாதிரியேதான்.

காமெட்டோட தலையைச் சுத்தி மங்கலா ஒரு வாயு உருண்டை இருக்கும், அதுக்கு கோமான்னு பேரு, அதுவும் முடிதான். 2007-ல ஹோம்ஸ்ங்கற காமெட்டோட கோமா சூரியனை விடவே பெருசா ஊதிப் போச்சு, உள்ள இருக்கற கருவோ சில கிலோமீட்டர்தான். ஆஸ்பத்திரி கோமா வேற வார்த்தை, கிரேக்கத்துல அந்த 'கோ' நெடில், ஆழ்ந்த தூக்கம்னு அர்த்தம். தமிழ்ல எழுதறப்போ ரெண்டும் ஒண்ணா தெரியறது வெறும் எழுத்து ஒற்றுமை.

ஆஸ்ட்ரானமி, ஆஸ்ட்ராலஜி, ஆஸ்ட்ரோநாட், ஆஸ்டிராய்டு... எல்லாத்துலயும் ஒரே வால் புடிச்சிருக்கே?

தலை புடிச்சிருக்குன்னு சொல்லுங்க. 'அஸ்தேர்', 'அஸ்த்ரோன்' ரெண்டுக்கும் நட்சத்திரம்னு அர்த்தம். பின்னாடி 'நோமோஸ்' சேந்தா விதி, 'லோகோஸ்' சேந்தா பேச்சு, விளக்கம். ரொம்ப காலம் ரெண்டு வார்த்தையையும் மாத்தி மாத்தித்தான் சொல்லிகிட்டு இருந்தாங்க, சண்டை எல்லாம் பின்னாடி வந்தது. 'நாவ்தேஸ்'னா மாலுமி, அதனால ஆஸ்ட்ரோநாட் நட்சத்திர மாலுமி, காஸ்மோநாட் பிரபஞ்ச மாலுமி. கப்பலுக்கான அதே வேர்ல இருந்துதான் நாசியா, குமட்டல், வந்துச்சு, ஆதியில அது கப்பல்ல வர்ற மயக்கம். விண்வெளிக்குப் போறவங்கள்ல நிறைய பேருக்கு மொத ரெண்டு மூணு நாள் குமட்டும், பேரு பொருத்தமாத்தான் இருக்கு.

ஆஸ்டிராய்டுன்னா "நட்சத்திரம் மாதிரி". 1801-ல பியாட்சிங்கறவர் சீரிஸ்ங்கற ஆஸ்டிராய்டைக் கண்டுபுடிச்சாரு, அடுத்த வருஷம் பல்லாஸ் கெடச்சது. வில்லியம் ஹெர்ஷல் தன் டெலஸ்கோப்ல எவ்வளவு பெருசாக்கிப் பாத்தாலும் கிரகம் மாதிரி ஒரு வட்டத் தட்டா தெரியாம நட்சத்திரம் மாதிரி வெறும் புள்ளியாவே இருந்துச்சு, அதனால 1802-ல அந்தப் பேரு. நெசத்துல அது கல்லு, நட்சத்திரத்துக்கும் அதுக்கும் சொந்தமே கெடையாது. மேல சொன்ன சாவி இங்கயும் திறக்குது.

மீட்டியோர்னா எரிகல். அப்போ வானிலை ஆராய்ச்சிக்கு ஏன் மீட்டியோராலஜி?

'மெதெயோரோஸ்'னா உசரத்துல தூக்கி வெச்சது, ஆகாயத்துல இருக்கறது. மழை, இடி, வானவில், எரிகல் எல்லாமே அதுல அடங்கும். அரிஸ்டாட்டில் இந்தப் பேர்ல எழுதின நூல்ல காமெட்டும் பால்வெளியும் கூட வளிமண்டலத்து சமாச்சாரம்தான், ஏன்னா சந்திரனுக்கு மேல எதுவும் மாறவே மாறாதுன்னு அவர் நம்பினாரு. பின்னாடி அந்தச் சொத்து பாகம் பிரிஞ்சப்போ வானிலைக்காரங்க சாஸ்திரத்தோட பேரை எடுத்துகிட்டாங்க, எரிகல்லுக்கு வெறும் மீட்டியோர் மிச்சம்.

எக்லிப்ஸ்னா மறைப்புன்னு தானே அர்த்தம்?

இல்லை. 'எக்லெய்ப்சிஸ்'னா விட்டுட்டுப் போறது, வர வேண்டிய எடத்துல வராம இருக்கறது. சூரியன் நம்மளைக் கைவிட்டுட்டான்ங்கற பயம் அதுல தெரியுது. நம்ம கிரகணம்னா "பிடிச்சது", பாம்பு பிடிச்சுச்சுங்கற கதை. நம்மவங்களுக்கு யாரோ சூரியனைப் பிடிச்சாங்க, கிரேக்கர்களுக்கு சூரியனே ஓடிட்டான்.

பெரிஹீலியன், அஃபீலியன், பெரிஜி, அபோஜி. பரீட்சைல எப்பவும் மாத்தி எழுதிடறேன் சார், ஏதாச்சும் வழி?

துண்டு துண்டா ஒடைச்சுப் பாருங்க. 'பெரி'ன்னா சுத்தி, கிட்டக்க. 'அபோ'ன்னா விட்டு விலகி. 'ஹேலியோஸ்' சூரியன், 'கே' பூமி (ஜியாகரபில வர்ற ஜியோவும் இதுதான்). அவ்வளவுதான், நாலு துண்டை மாத்தி மாத்தி ஒட்டினா நாலு வார்த்தை: சுத்தற பாதைல சூரியனுக்கோ பூமிக்கோ ரொம்பக் கிட்டக்க இருக்கற எடம், ரொம்ப விலகி இருக்கற எடம். சந்திரன் பெரிஜில சுமார் 3,63,000 கி.மீ., அபோஜில சுமார் 4,05,000 கி.மீ. அபோஹீலியன்னு எழுதாம அஃபீலியன்னு ஆனதுக்குக் காரணம் 'ஹ' சத்தம் 'ப'வோட கலந்து 'ஃப' ஆனது, நம்ம புணர்ச்சி விதி மாதிரின்னு வெச்சுக்கோங்க.

பூமி பெரிஹீலியன்ல வர்றது ஜனவரி ஆரம்பத்துல, சுமார் 14.7 கோடி கி.மீ., அஃபீலியன் ஜூலைல, 15.2 கோடி. கிட்டக்க வந்தா வெயில் காலம்னு நெனச்சு நிறைய பேரு இங்கதான் மாட்டறாங்க. பருவம் பூமியோட சாய்வால வருது, தூரத்தால இல்லை.

நட்சத்திரப் பேர்ல ஆல்பா, பீட்டா வருதே, ஆல்பான்னா அந்தக் கூட்டத்துல பிரகாசமானதுன்னு அர்த்தமா?

பெரும்பாலும், எப்பவும் இல்லை. 1603-ல ஜெர்மனியோட யோஹான் பையர் தன்னோட வான வரைபடத்துல நட்சத்திரங்களுக்கு கிரேக்க எழுத்து போட்டாரு. கண் அளவுல வெளிச்சத்தைத் தோராயமாத் தரம் பிரிச்சாரு, அதனால ஓரையன்ங்கற கூட்டத்துல ஆல்பா திருவாதிரை, ஆனா பீட்டாவா இருக்கற ரைஜெல் பொதுவா அதை விட பிரகாசம். மிதுனத்துலயும் பீட்டாவான பொலக்ஸ்தான் ஆல்பா கேஸ்டரை முந்தும்.

எழுத்தை விட முழு கிரேக்கப் பேருங்க எனக்கு ரொம்பப் புடிக்கும். நம்ம கேட்டைக்கு அன்டாரஸ்னு பேரு, "ஏரீஸுக்கு எதிரி". ஏரீஸ்னா செவ்வாய், ரெண்டும் செவப்பு, பக்கத்துல வர்றப்போ யாரு யாருன்னு கொழம்பும், ஒருநாள் பாருங்க. சுவாதிக்கு ஆர்க்டூரஸ், "கரடிக் காவல்காரன்", பெரிய கரடிக் கூட்டத்துக்குப் பின்னாடியே போறதால. ஆர்க்டிக்னு சொல்றமே, அது அந்தக் கரடி இருக்கற திசை.

சரி, எது எல்லாம் கிரேக்கம் இல்லை? எல்லாத்தையும் கிரேக்கம்னு சொல்லிடறாங்க.

சாட்டிலைட், ஆர்பிட், கிராவிட்டி, நெபுலா, நோவா, சோலார், லூனார் எல்லாம் லத்தீன். ரைஜெல், அல்டெபரான் (நம்ம ரோகிணி) அரபி. பல்சார், குவேசார், பிக் பேங் எல்லாம் 20-ம் நூற்றாண்டு இங்கிலீஷ். கிரகங்கள்ல மெர்குரி, வீனஸ், மார்ஸ் எல்லாம் ரோமானிய சாமி, எட்டு கிரகத்துல யுரேனஸ் மட்டும்தான் கிரேக்க சாமி, 'ஊரானோஸ்'னா ஆகாயம். மார்ஸ் ரோமானியப் பேருன்னாலும் அதோட ரெண்டு நிலவு போபோஸ், டெய்மோஸ் கிரேக்கம், பயமும் பீதியும்.

ஹீலியம் சூரியன்ல இருந்து வந்த பேருன்னு தெரியும். ஆனா சோடியம், கால்சியம் மாதிரி "இயம்"னு முடியுதே, அது உலோகமா?

உலோகமா இருக்கும்னு நெனச்சதால வந்த வால் அது. 1868 ஆகஸ்ட் 18 சூரிய கிரகணத்தை குண்டூர்ல இருந்து ஜான்சென்ங்கற பிரெஞ்சுக்காரர் பாத்தாரு, சூரியனோட விளிம்புல எழும்பற பிழம்பை கிரகணம் இல்லாமலே பாக்கலாம்னு அவருக்கு அங்கதான் புரிஞ்சது. அதே அக்டோபர்ல இங்கிலாந்துல லாக்கியரும் தனியா அந்த வழியைப் புடிச்சாரு. அந்த வெளிச்சத்தைப் பிரிச்சா ஒரு மஞ்சள் கோடு, சோடியம் கோட்டுக்குப் பக்கத்துல, ஆனா சோடியம் இல்லை. பூமில யாரும் பாக்காத தனிமம்னு முடிவு பண்ணி ஹேலியோஸ்ல இருந்து பேரு வெச்சாங்க. 1895-ல ராம்சே ஒரு யுரேனியத் தாதுல இருந்து பூமிலயே எடுத்தப்போதான் அது வாயுன்னு தெரிஞ்சது. பேரு மாறலை. மாறியிருந்தா நியான், ஆர்கான் மாதிரி ஹீலியான்னு ஆகியிருக்கணும்.

ஆட்டம்னா பிளக்க முடியாதது. பிளந்தாச்சே, இன்னும் ஏன் அதே பேரு?

'அ'ன்னா இல்லாதது, 'தோமே'ன்னா வெட்டு. டெமாக்ரிட்டஸ்ங்கற பழைய கிரேக்க ஞானி சொன்னது, எதை வெட்டிகிட்டே போனாலும் கடைசில வெட்ட முடியாத ஒண்ணு நிக்கும்னு. 19-ம் நூற்றாண்டு ஆரம்பத்துல டால்டன் அந்தப் பேரைத் தனிமங்களோட துகளுக்கு வெச்சுட்டாரு, 1897-ல தாம்சன் உள்ள எலக்ட்ரான் இருக்குன்னு காட்டிட்டாரு. அதுக்குள்ள பேரு ஊரெல்லாம் பரவியாச்சு. இந்த விஷயத்துல தமிழ் தப்பிச்சுது: அணுன்னா நுண்ணியதுன்னுதான் அர்த்தம், வெட்ட முடியாதுன்னு எங்கயும் சத்தியம் பண்ணலை. ஆக்சிஜனும் இதே கதைதான், "அமிலத்தை உண்டாக்கறது"ன்னு லவாய்சியர் வெச்சாரு, ஹைட்ரோகுளோரிக் அமிலத்துல ஆக்சிஜனே கெடையாது.

அணுவை விடச் சின்னத் துகள்கள்ல ஒரு வகைக்கு லெப்டான்னு பேரு, லேசானதுன்னு அர்த்தம்னு சொன்னாங்க. ஆனா டௌ லெப்டான் புரோட்டானை விட கனமாம். இது என்ன கூத்து?

கூத்துதான். 'லெப்தோஸ்'னா மெல்லிசு, சின்னது. 1948-ல ரோசன்ஃபெல்ட் இந்தப் பேரை வெச்சப்போ கையில இருந்த எலக்ட்ரானும் மியூவானும் நெசமாவே லேசு, எலக்ட்ரானை விட புரோட்டான் 1836 மடங்கு கனம். கனமான கூட்டத்துக்கு 'பாரிஸ்', அதாவது கனம்ங்கற வார்த்தைல இருந்து பேரியான்னு பேரு வந்துச்சு. 1970-கள்ல டௌ வந்து குதிச்சது, எலக்ட்ரானை விட கிட்டத்தட்ட 3,500 மடங்கு, புரோட்டானை விட ரெண்டு மடங்குக்குக் கொஞ்சம் கம்மி. இப்போ லெப்டான்னா எடை இல்லை, அணுக்கருவைக் கட்டி வெக்கற வலிய விசையில கலந்துக்காத துகள்னு அர்த்தம். ஆட்டத்துக்கு நடந்ததேதான் இதுக்கும்.

கடைசியா ஒண்ணு: நம்ம பக்கம் கிரேக்க வார்த்தை எதுவும் வரலையா? நாம மட்டும்தான் கடன் வாங்காம இருந்தோமா?

வாங்கினோம், வாங்கினதை மறந்தும் போயிட்டோம். ஜோசியத்துல சொல்ற ஓரை, கிரேக்க 'ஹோரா', நேரம், வடமொழி வழியா வந்தது. இங்கிலீஷ்ல ஹவர்னு ஆனதும், ஹாரோஸ்கோப்ல ஒட்டிகிட்டு இருக்கறதும் அதேதான். கேந்திரம், 'கென்ட்ரோன்', காம்பஸோட ஊசி குத்தற புள்ளி, இங்கிலீஷ் சென்டரும் அது. ஆக சென்டர்ங்கறதை சுத்தமா எழுதறேன்னு கேந்திரம்னு எழுதினீங்கன்னா ஒரே வார்த்தையைத்தான் வேற சட்டை போட்டு எழுதறீங்க.

எனக்கு ரொம்பப் புடிச்சது வேற ஒண்ணு. பழைய வடமொழி வானியல் நூல்கள்ல ஒரு பாகையை 60-ஆ பிரிச்சா வர்ற சின்னத் துண்டுக்கு 'லிப்தா'ன்னு பேரு. அது கிரேக்க 'லெப்தே', மேல டௌகிட்ட மாட்டி முழிச்ச லெப்டானோட அதே வேர்தான். கிரீஸ்ல இன்னிக்கும் "ஒரு லெப்தோ இருங்க"ன்னா ஒரு நிமிஷம் இருங்கன்னு அர்த்தம்.